வாடகை வீட்டிலுள்ள பொருட்களுக்கும் காப்புறுதி தேவை



"வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறார்தானே, எங்களுக்கு ஏன்?" என்று நம்மவர் பலர் கேட்கின்றனர். வீட்டுக்காரரின் காப்புறுதி கட்டடத்துக்கும் அவருடைய உடைமைகளுக்குமே உரியது. உங்கள் சோபா, ரி.வி., உடுபுடவை, நகை எதற்கும் அதில் பணம் கிடையாது. அவற்றுக்கு வாடகைக் குடியிருப்பாளர் காப்புறுதியை நீங்களே எடுக்க வேண்டும். தீ, களவு, குழாய் வெடித்து நீர் பாய்தல் போன்றவற்றால் வரும் நட்டத்தை அது ஈடுசெய்யும்.

ரொறன்ரோவில், தமிழர் பலர் வாழும் சென் ஜேம்ஸ் ரவுனில், 650 பார்லிமென்ட் வீதித் தொடர்மாடியில் 2018 ஆகஸ்ட் 21இல் தீப்பற்றியது. ஏறக்குறைய 1,500 பேர் வெளியேற நேர்ந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவர்களால் வீடு திரும்ப முடியவில்லை. இத்தகைய வேளையில் வெளியே தங்குவதற்கான மேலதிகச் செலவையும் இக்காப்புறுதி ஒரு வரம்புக்குள் தரும்.

கையெழுத்திடுமுன் கவனிக்க வேண்டியவை:

1. ஈடு கணிக்கும் முறை. ஆறு வருடப் பழைய சோபா ஒன்று மட்டும் எரிந்தது என வைப்போம். புதிது வாங்க 1,500 டொலர். தேய்மானம் கழித்தால் பெறுமதி 400 டொலர். முதல் 500 டொலர் உங்கள் பொறுப்பு என்றால், தேய்மானம் கழிக்கும் முறையில் உங்களுக்குக் கிடைப்பது பூச்சியம். புதுவிலை முறையில், புதிது வாங்கியதும் 1,000 டொலர் கிடைக்கும்.

2. நகையும் காசும். பொருட்களுக்கு மொத்தம் 40,000 டொலர் என்றிருந்தாலும், களவுபோகும் நகைக்குத் தனி உச்சவரம்பு உண்டு. அது பெரும்பாலும் சில ஆயிரம் டொலர்தான். தாலிக்கொடி, சங்கிலி, காப்பு ஆகியவற்றை மதிப்பீட்டுப் பத்திரத்துடன் தனியாகப் பதியுங்கள். இதற்கு மேலதிகக் கட்டணம் உண்டு. காசுக்கு வரம்பு இன்னும் குறைவு. சீட்டுக்காசை வீட்டில் வைக்க வேண்டாம்.

3. நிலக்கீழ் வீடு. கழிவுநீர் மேலேறி வருவதற்கான பிரிவு பெரும்பாலும் தனியாகச் சேர்க்கப்பட வேண்டியது. முகவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

4. அறை நண்பர். உங்களுடன் அறையெடுத்துத் தங்கும் நண்பரின் பொருட்கள் பொதுவாக உங்கள் காப்புறுதியில் அடங்கா. அவர் தனியாக எடுக்க வேண்டும்.

ஊரில் எரிந்த வீடுகளுக்கு நம்மில் பலரிடம் பட்டியலும் இருக்கவில்லை, ஈடு கேட்க இடமும் இருக்கவில்லை. இங்கே கேட்க இடம் உண்டு. ஆனால் என்ன இருந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். ஆகவே இந்த வாரமே அறை அறையாகப் பொருட்களைப் பட்டியலிட்டுப் படம் எடுங்கள். பற்றுச்சீட்டுகளுடன் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.