திரும்பி வந்த முறுக்குப் பெட்டி

நாடாவைக் கிழித்ததும் வாடைதான் முதலில் வந்தது. எண்ணெய்ப் பலகாரம் வெயிலில் கிடந்தால் வருமே, அந்தச் சிக்கு வாடை. ஈப்போ புந்தோங்கில் என் வீட்டு மேசையிலிருந்து புறப்பட்டு, சுங்கை சிப்புட் போய், அங்கே ஏதோ ஒரு கிடங்கில் கிடந்து, பதினெட்டாம் நாள் மறுபடி என் மேசைக்கே வந்திருந்தது அந்தப் பெட்டி. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குக் காரில் போனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மேலே ஒட்டியிருந்த தாளில் மலாயில் ஒரே வரி: அலாமாட் தாக் லெங்காப். முகவரி முழுமையாக இல்லையாம்.

ஆறு பொட்டலம் முறுக்கு, நான்கு பொட்டலம் கச்சாங் பூத்தே, ஒரு பொட்டலம் ஓமப்பொடி. தீபாவளிக்கு என்று ஒரு பாட்டி கேட்டது. தீபாவளி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. 92 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். போன கூலி, வந்த கூலி இரண்டும் என் கையிலிருந்து போயின. பலகாரம் குப்பைக்குப் போனது. பணம் போனதைவிட, அந்தப் பாட்டி பண்டிகையன்று வெறும் தட்டோடு இருந்திருப்பார் என்ற நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

புந்தோங் கச்சாங் பூத்தேவுக்குப் பேர்போன இடம். தலைமுறை தலைமுறையாக இங்கே நம் குடும்பங்கள் கடலை வறுப்பதும் முறுக்கு பிழிவதுமாக இருக்கின்றன. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஊரே கதவடைத்தபோது, பலகாரம் வாங்க வரும் வெளியூர்க் கார்கள் நின்றுபோயின. அப்போதுதான் நான் இணையத்தில் விற்க ஆரம்பித்தேன். பொருள் நன்றாக இருந்தால் போதும், மற்றதைக் கூரியர்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது இந்தப் பெட்டிதான்.

பாட்டியின் முகவரியை எடுத்துப் பார்த்தேன். வீட்டு எண், மேல் டிவிஷன், தோட்டத்துப் பெயர், 31100 சுங்கை சிப்புட். அடையாள அட்டையில் இருந்ததை அப்படியே தட்டியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் லயத்து வீடுகளை இடித்துச் செம்பனை நட்டுப் பல வருஷம் ஆகிறது. பாட்டி இருப்பது மூன்று கல் தள்ளி ஒரு தாமானில். ஆனால் அவரைக் கேட்டால் இன்றைக்கும் தோட்டத்துப் பெயரைத்தான் சொல்வார். சுற்றியிருப்பவர்களுக்கும் அது புரியும். வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த கூரியர் பையனுக்கு எப்படிப் புரியும்?

பேராக்கில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் எத்தனையோ தோட்டங்கள் கைமாறின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, அப்படிக் கைமாறிய தோட்டங்களில் மக்கள் வேலையும் வீடும் இழந்து நின்றதால்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோனார்கள். வாயில் மட்டும் பழைய பெயர் தங்கிவிட்டது. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். எங்கள் தோட்டத்தில் யார் வீட்டுக் கடிதமானாலும் ஆபீசுக்கு வரும். கிராணி பெயரைப் பார்த்து, காலைப் பெரட்டில் ஆளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுவார். கதவு எண் யாருக்கும் தேவைப்படவில்லை. இன்னாருடைய மகள் என்றால் போதும். அந்தக் கிராணி இப்போது இல்லை. அவர் செய்த வேலையை விற்கிற நான்தான் செய்ய வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அதனால் முகவரியில் தோட்டம், லாடாங், டிவிஷன், கம்பம் என்ற சொல் இருந்தால் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன். “ஐயா, இப்போது குடியிருக்கிற வீடு இதுதானா? வீட்டுக்குப் போகிற வழியில் கடைசியாகத் தெரிகிற கோயில் எது, கடை எது?” இந்த இரண்டு கேள்விதான். பதிலை லேபிளில் மலாயில் எழுதுகிறேன். டெப்பான் குவில், கோயிலுக்கு எதிரே. குவில் என்பது நம் கோயிலிலிருந்து மலாய்க்குப் போன சொல், கூரியர் தம்பிகள் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் பகலில் ஆள் இருக்காது என்றால், பொட்டலத்தை வாங்கி வைக்க ஒப்புக்கொள்ளும் மளிகைக் கடை உண்டா என்றும் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சல் குறியீட்டையும் ஊர்ப் பெயரையும் பொருத்திப் பார்ப்பது இன்னொரு வேலை. 31000 பத்து காஜா, 31100 சுங்கை சிப்புட், 31900 கம்பார். ஒரு எண் மாறினால் பெட்டி வேறு கிடங்குக்குப் போய், அங்கிருந்து சுற்றி வர நான்கைந்து நாள் ஆகிவிடும்.

அடுத்தது தொலைபேசி எண். தாப்பாவில் ஒரு அம்மாவுக்கு அனுப்பிய பெட்டி இரண்டு முறை வீட்டு வாசல் வரை போய்த் திரும்பியது. கூரியர் தம்பி அழைத்திருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. லேபிளில் இருந்தது கோலாலம்பூரில் வேலை செய்யும் பேத்தியின் எண். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவே கூடாது என்று அந்தப் பெண் வைத்திருக்கிறாள். மக்காவ் மோசடிக் கும்பலுக்குப் பயந்து நம்மில் பாதிப் பேர் இப்போது அப்படித்தான் இருக்கிறோம், அவளைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து பணம் கட்டியவர் எண் ஒன்று, பொட்டலம் போகும் வீட்டில் இருப்பவர் எண் ஒன்று என்று இரண்டு எண் வாங்குகிறேன். பெட்டி கிளம்பிய அன்றே, எந்த நிறுவனத்தின் வண்டி வரும், சுமாராக எந்த நாள் வரும், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள் என்று இரண்டு எண்ணுக்கும் செய்தி போகிறது.

முதல் முறை சேர்க்க முடியவில்லை என்று கண்காணிப்புப் பக்கத்தில் வந்த அன்றைக்கே நாம் எழுந்து ஓட வேண்டும். இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். பெட்டி உள்ளூர்க் கிடங்கில் இருக்கும்வரை ஒரு தொலைபேசியில் காரியம் முடியும். வாடிக்கையாளரே போய் எடுத்துக்கொள்ளலாம், முகவரியைத் திருத்தலாம். அனுப்பியவருக்கே திருப்பு என்று பதிவாகிவிட்டால் அப்புறம் யார் சொன்னாலும் வண்டி திரும்பாது. அதனால் தினமும் காலை தேநீர் குடிக்கும் நேரத்தில் முந்தைய நாள் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறேன். பலகாரத்தை வெள்ளிக்கிழமை அனுப்புவதே இல்லை, சனி ஞாயிறு கிடங்கு வெக்கையில் கிடக்கும். சபா, சரவாக்குக்குத் தீபாவளிப் பொட்டலம் என்றால் மூன்று வாரம் முன்னாலேயே கணக்கை முடித்துவிடுகிறேன். பொருளை வாங்கும்போது பணம் தருகிறேன் என்ற முறையைப் பலகாரத்துக்கு நிறுத்தியும் விட்டேன். வாசலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நமக்குத் திரும்பி வருவது விற்க முடியாத பொருள்.

பணம் திருப்பிக் கேட்கும் தகராறுகளில் எனக்கு நன்றாக நினைவிருப்பது நான் தோற்ற ஒன்று. வாடிக்கையாளர் பினாங்குக்காரர். முறுக்கு நொறுங்கிவிட்டது என்றார், படமும் அனுப்பினார். பத்தில் மூன்று பொட்டலம் உடைந்திருந்தது. வாட்சாப்பில் குரல் பதிவாகத் தமிழில் பேசிக்கொண்டோம். “அக்கா, அந்த மூணுக்கு மட்டும் காசு குடுத்துடுங்க, போதும்” என்றார். சரி தம்பி என்று அன்றைக்கே அவர் வங்கிக் கணக்கில் போட்டேன். நான்கு நாள் கழித்து விற்பனைத் தளத்தில் முழுப் பணத்தையும் கேட்டு அவர் புகார் கொடுத்திருந்தார். என் கையில் இருந்த சாட்சி தமிழ்க் குரல் பதிவு. தளத்தில் புகாரைப் படிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது, தளத்துக்கு வெளியே நடந்த பேச்சை அவர்கள் கணக்கில் எடுக்கவும் இல்லை. முழுப் பணமும் போனது, முன்னால் கொடுத்ததும் போனது.

நம் மக்களோடு தமிழில் பேசுவதை நான் விடமாட்டேன். அந்தப் பேச்சால்தான் என் வியாபாரமே நிற்கிறது. ஆனால் பேசி முடித்ததும், ஒப்புக்கொண்டதை மலாயில் இரண்டு வரியாகத் தளத்தின் உரையாடல் பெட்டியில் எழுதி, ‘சரிதானே?’ என்று கேட்டு, அவர் சரி என்று பதில் போட்ட பிறகுதான் பணத்தை அனுப்புகிறேன். அந்தப் பணமும் தளத்தின் வழியாகவே போகிறது. புகாருக்குப் பதில் எழுதும்போது மனவருத்தத்தை எழுதுவதில்லை. தேதி, நடந்தது, படம், இவ்வளவுதான். பதில் போடத் தளம் கொடுக்கும் கெடுவைச் சுவரில் எழுதி வைக்கிறேன். கெடு தாண்டினால், நியாயம் யார் பக்கம் இருந்தாலும் பணம் வாடிக்கையாளருக்குப் போய்விடும்.

சாட்சிக்கு மலிவான வழி எடைதான். பெட்டியில் பொருளை அடுக்குவது முதல் நாடா ஒட்டித் தராசில் வைப்பது வரை ஒரே வீச்சில் கைப்பேசியில் படம் பிடிக்கிறேன், தராசின் எண்ணும் லேபிளும் ஒன்றாகத் தெரியும்படி. ஒருவர் இரண்டு பொட்டலம் குறைகிறது என்றபோது அந்த எடையும் முகவர் கடையில் கொடுத்த ரசீதின் எடையும் ஒத்துப்போனதால் தகராறு அன்றே முடிந்தது. ரசீதில் எந்த எடை போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டும். முறுக்கு கனமில்லாமல் இடத்தை அடைக்கும் பொருள். பல நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடும். 30, 25, 20 அளவுள்ள பெட்டி இரண்டு கிலோகூட இல்லாவிட்டாலும் மூன்று கிலோவாகத்தான் ரசீதில் வரும். அந்த ரசீதைச் சாட்சியாகக் காட்டினால் நமக்கே எதிராகத் திரும்பும்.

நொறுங்குவதைக் குறைக்கவும் வழி உண்டு. பொட்டலத்துக்குள் காற்றை விட்டு உப்பலாக ஒட்டி, பெட்டிக்குள் அசையாமல் செருக வேண்டும். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. தாளைக் கசக்கி மூலைகளில் அடைப்பேன். இடுப்பு உயரத்திலிருந்து ஒரு பெட்டியைக் கீழே போட்டுப் பார்த்துத்தான் இந்த முறையை முடிவுசெய்தேன்.

‘விற்ற பொருள் திருப்பி வாங்கப்படாது’ என்று என் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்த காலம் உண்டு. அது செல்லாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வாங்குகிறவருக்குத் தரும் உரிமையை நாம் எழுதி ஒட்டும் எந்த வாசகமும் பறிக்க முடியாது. இணைய வியாபாரத்துக்கென்று உள்ள விதிகளின்படி நம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், அஞ்சல் கூலியோடு சேர்ந்த முழு விலை, பொருள் போய்ச்சேர எத்தனை நாள் என்பதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் அதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு புகாரே பாதியாகக் குறைந்தது. ஏழு நாள் ஆகும் என்று முன்பே தெரிந்தவர் ஐந்தாம் நாள் கோபப்படமாட்டார். மனம் ஒப்பாத வாடிக்கையாளர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அந்த வாசல் வாங்குகிறவருக்கு மட்டும்தான். கூரியர் பெட்டியைத் தொலைத்தால் நாம் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் எண்ணை வாங்கிக்கொண்டு, அதற்கும் பதில் இல்லையென்றால் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் போக வேண்டும். 2012ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டப்படி கூரியர் உரிமங்கள் அவர்கள் கண்காணிப்பில் இருக்கின்றன.

ஒன்றை மனம் வருந்தித்தான் எழுதுகிறேன். பாகான் செராயில் ஒரு அண்ணன் பெட்டி வரவில்லை என்றார். சேர்த்தாயிற்று என்று எனக்குப் பதிவு வந்திருந்தது. முன்னால் ஒருமுறை ஏமாந்த சூடு ஆறாமல், “பொய் சொல்லாதீங்கண்ணே” என்று எழுதிவிட்டேன். மறுநாள் பெட்டி கிடைத்தது, பக்கத்து வரிசையில் அதே எண்ணுள்ள வீட்டில். லோரோங் எண்ணைத் தப்பாகத் தட்டியது நான். அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனிதர், “பரவாயில்லம்மா” என்றார். ஆனால் மறுபடி என்னிடம் வாங்கவில்லை. இப்போது யார் புகார் சொன்னாலும் முதலில் என் லேபிளின் நகலை எடுத்துப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் தெரியும் லேபிளை முகநூலில் போட்டு ‘இவரிடம் ஜாக்கிரதை’ என்று எழுதும் வியாபாரிகளைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. அடுத்தவருடைய முகவரி நம்மிடம் நம்பிக் கொடுத்த பொருள். அப்படிப் போடுவது நம்மைச் சட்டத்திலும் மாட்டிவிடும்.

நூறு வெள்ளி விற்றால் இரண்டு வெள்ளியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன், திரும்பி வருவதற்கும் உடைவதற்கும். சின்னத் தொகைத் தகராறு என்றால் அதிலிருந்து கொடுத்து முடித்துவிடுகிறேன். பதினைந்து வெள்ளிக்காக இரண்டு நாள் எழுதிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு நாளில் முறுக்கு யார் கட்டுவது?

சுங்கை சிப்புட் பாட்டிக்கு அடுத்த வருஷம் மறுபடி அனுப்பினேன். இந்த முறை லேபிளில் தாமான் பெயர், மாரியம்மன் கோயில், மளிகைக் கடை, இரண்டு எண். தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால் கூரியர் தம்பி படம் அனுப்பினார். கடை வாசலில், எரிவாயுத் தோம்புகளுக்குப் பக்கத்து பெஞ்சில் என் பெட்டி. சாயங்காலம் பாட்டியே அழைத்தார். “வந்துடுச்சு கண்ணு. ஒண்ணுகூட உடையல. உப்புதான் கொஞ்சம் கூட.” மாவு பிசையும் மாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.