வைரம் பாய்ந்த மரமும் மெல்லிய ரம்பமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

முன்னுரை

என் தந்தையார் ஒரு தச்சர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடுமுறை நாள்களில் அப்பாவின் பட்டறையில் கூடமாட உதவுவது என் வழக்கம். சென்ற கோடையில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் புது வீட்டிற்கு ‘அன்பகம்’ என்று ஈட்டி மரத்தில் எழுத்து அறுத்துத் தருமாறு கேட்டார். வளைவு வேலையில் எனக்குக் கை பழகியிருந்ததால் அப்பா அதனை என்னிடம் ஒப்படைத்தார். அதுவரை தேக்கையும் வேம்பையும் மட்டுமே அறுத்தவள் நான். ஐந்து எழுத்துகளை முடிக்கப் பன்னிரண்டு நாள்கள் ஆயின. அந்நாள்களில் நான் செய்த பிழைகளையும், அவற்றின் காரணங்களையும், பின்னர் அறிந்த முறைகளையும் இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

மரத்தின் இயல்பு

மரத்தின் நடுப்பகுதியில் ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசினும் எண்ணெயும் நிறப்பொருள்களும் படிந்து இறுகுவதையே வைரம் பாய்தல் என்கிறோம். ஒரு கன மீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ எடை இருக்கும். ஈட்டி ஏறத்தாழ 850 கிலோ. கிளாரினெட் என்னும் இசைக்கருவி செய்ய உதவும் ஆப்பிரிக்கக் கருமரமோ 1200 கிலோவுக்கும் மேல். நீரின் எடை 1000 கிலோ ஆதலால் அம்மரம் நீரில் மூழ்கிவிடும்.

ஈட்டியும் ஆப்பிரிக்கக் கருமரமும் தால்பெர்ஜியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இம்மரங்கள் அளவு மீறி வெட்டப்பட்டமையால் 2017ஆம் ஆண்டில் இப்பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. எங்கள் பட்டறைக்கு வருபவை பழைய கட்டில், கதவுகளைப் பிரித்த துண்டுகளே. அத்தகைய துண்டுகளில் ஆணி புதைந்திருக்கக்கூடும். ஆகவே அறுக்குமுன் ஒரு காந்தத்தை மரத்தின் மீது நெடுக ஓட்டிப் பார்ப்பது அப்பாவின் வழக்கம்.

அறுக்கும் முறை

வளைவுகளை அறுக்க ஸ்க்ரோல் ரம்பம் என்னும் இயந்திரம் பயன்படுகிறது. தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல மெல்லிய அலகொன்று மேசையின் நடுவே மேலும் கீழுமாக ஓடும். மரத்தை நாம் கையால் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அலகுகளுக்கு எண்கள் உண்டு. எண் கூடக் கூட அகலமும் தடிப்பும் கூடும்.

முதல் எழுத்தை நான் கருக்கிவிட்டேன். மெல்லிய தேக்குப் பலகைக்கு மாட்டும் 3ஆம் எண் அலகையே மாட்டி, வேகத்தைக் கூட்டி, மரத்தை அழுத்தித் தள்ளினேன். புகை கிளம்பியது, அறுத்த விளிம்பு அடுப்புக்கரி போல் ஆயிற்று. இதன் காரணம் எளிது. மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே உராய்வால் பிறக்கும் சூடு அலகிலேயே தங்குகிறது. அடர்ந்த மரத்தின் தூளும் அந்தக் குறுகிய வெட்டிலிருந்து எளிதில் வெளியேறுவதில்லை. சூடேறிய அலகின் பற்கள் மழுங்குகின்றன; மழுங்கிய பற்கள் அறுப்பதற்குப் பதிலாகத் தேய்த்து மேலும் சூட்டை உண்டாக்குகின்றன.

எனவே 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்தப் பலகைக்கு 7ஆம் எண் அலகை மாட்டினேன். எங்கள் இயந்திரத்தின் வேகம் நிமிடத்திற்கு 400 முதல் 1600 ஓட்டம் வரை செல்லும். அதனை 800 அளவில் வைத்தேன். மரத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒட்டுநாடாவை ஒட்டி, அதன் மேல் எழுத்தின் வரைபடத்தை ஒட்டினேன். நாடாவின் பூச்சு அலகுக்கு வழுக்கல் தருவதால் கருகுதல் பெரிதும் குறைந்தது. மரத்தைத் தள்ள வேண்டிய நிலை வந்தாலே அலகு மழுங்கிவிட்டது என்று பொருள். உடனே மாற்றிவிட வேண்டும். அலகைப் போதுமான அளவு இழுத்துக் கட்டியிருக்கிறோமா என்பதை அறிய, இயந்திரத்தை நிறுத்திவிட்டு விரலால் அதனைச் சுண்ட வேண்டும். தெளிவான உயர்ந்த ஒலி எழுந்தால் சரி. மந்தமாக ஒலித்தால் தளர்ச்சி. இழுவிசை கூடினால் கம்பியின் அதிர்வெண் கூடும் என்று துணைப்பாடமான இயற்பியலில் படித்தது இங்குப் பயன்பட்டது.

ஒரு புள்ளியால் வந்த வினை

‘ன்’ எழுத்தின் புள்ளி ஒரு சுண்டைக்காய் அளவே இருந்தது. கோடு நன்கு தெரியவேண்டும் என்பதற்காக மரத்தை அழுத்திப் பிடிக்கும் பாதக்கட்டையை மேலே தூக்கி வைத்துவிட்டு, சிறு துண்டொன்றை இரு விரல்களால் பிடித்து அறுத்தேன். அலகு அத்துண்டைக் கவ்வி மேலே தூக்கியது. படபடவென்று இரண்டு முறை மேசையில் மோதியது, அலகு முறிந்தது, புள்ளி பறந்து வந்து என் புருவத்திற்குக் கீழே தாக்கியது. கண்ணாடி அணியவில்லை. இரத்தத்தைத் துடைத்துவிட்டு அப்பா சொன்னது இவ்வளவுதான்: “புள்ளி போனா வேற புள்ளி அறுத்துக்கலாம். கண்ணு போனா எங்கம்மா போய் வாங்குறது?”

சிறு துண்டுகளை ஒருபோதும் தனியே பிடித்து அறுக்கக் கூடாது. இருபுறமும் ஒட்டும் நாடாவால் அகலமான ஒட்டுப்பலகை ஒன்றின் மேல் பதித்து, இரண்டையும் சேர்த்தே அறுக்க வேண்டும். பாதக்கட்டை மரத்தின் மேல் படிந்திருக்க வேண்டும். விரல்கள் அலகின் நேர்முன்னே வராமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். கண்ணாடி அணிந்து, துப்பட்டாவைக் கழற்றி வைத்து, பின்னலைக் கொண்டையாக முடிந்த பிறகே விசையைத் தொட வேண்டும். அலகு முறிந்தால் முதலில் விசையை அணைத்து, இயந்திரம் முற்றிலும் நின்ற பின்னரே கை வைக்க வேண்டும்.

மெருகும் வேதியியலும்

எழுத்துகளை 120, 180, 240, 320 என்ற வரிசையில் உப்புத்தாளால் இழை ஓட்டத்தின் வழியே தேய்த்தேன். அடர்ந்த மரத்தில் சிறு கீறலும் பளிச்சென்று தெரியுமாதலால் ஒரு தாளின் கீறல் முற்றிலும் மறைந்த பிறகே அடுத்த தாளுக்குச் செல்ல வேண்டும். பின்னர் வார்னிஷ் பூசினோம். ஐந்து நாள்கள் ஆகியும் விரல் ஒட்டியது. வார்னிஷில் கலப்படம் என்று அப்பா கடைக்காரரிடம் சண்டையிட்டு வந்தார். பூச்சை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, அப்பா அரக்குப் பாலிஷ் ஏற்றி வேலையை முடித்துக் கொடுத்தார். வார்னிஷ் ஏன் காயவில்லை என்பது மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை.

கல்லூரி திறந்த பின் தனியுறுப்புப் பலபடியாக்கல் பாடம் நடந்தது. வார்னிஷில் உள்ள எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்தே இறுகுகிறது என்றும், பீனால் வகைச் சேர்மங்கள் இவ்வினையைத் தடுக்கும் என்றும் பேராசிரியர் கூறினார். ஈட்டி மரத்தின் வைரத்தில் அவ்வகைச் சேர்மங்கள் உண்டு என்பதை நூலகத்தில் படித்தேன். அன்று மாலையே மூன்று துண்டுகளில் சோதித்தேன். வேம்பில் அதே வார்னிஷ் மறுநாள் காய்ந்திருந்தது. வெறும் ஈட்டியில் பிசுபிசுத்தது. ஸ்பிரிட்டில் கரைத்த, மெழுகு நீக்கிய அரக்கை இருமுறை பூசி, அதன் மேல் வார்னிஷ் பூசிய ஈட்டித் துண்டில் நகம் பதியவில்லை. அரக்கு இடையில் சுவராக நின்று, மரத்தின் சேர்மங்கள் வார்னிஷை அடையாமல் தடுத்துவிட்டது. அப்பா மூன்றையும் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்காரரைப் பார்க்கப் புறப்பட்டார்.

மற்றொன்றையும் மறத்தல் ஆகாது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், மேற்சொன்ன வினையில் பிறக்கும் வெப்பமே அதனைத் தானாக எரியச் செய்யும். துணியை விரித்துத் திறந்த வெளியில் உலர்த்த வேண்டும்.

தூசி

ஈட்டி அறுக்கும்போதெல்லாம் அப்பாவின் முன்கைகளில் தடிப்பும் அரிப்பும் தோன்றும். உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வார். அம்மரத்தில் டால்பெர்ஜியோன் எனப்படும் குயினோன் சேர்மங்கள் உள்ளன. இவை தோலில் ஒவ்வாமையை உண்டாக்குபவை. தோலோடு இது நிற்பதில்லை. இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரில் மரச்சாமான் தொழிலாளரிடையே மூக்குக் குழியில் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதை 1960களில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1995இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த அறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். மறுநாள் சொன்னபோது, “முப்பது வருசமா இந்தத் தூசியிலதாம்மா சோறு” என்று சிரித்தார். அந்தச் சோற்றில்தான் என் கல்லூரிக் கட்டணமும் அடங்கும். ஆகவே நான் விடவில்லை. துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்-95 வகை முகக்கவசமே உதவும் என்று எடுத்துச் சொன்னேன். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினோம். காற்றுப் போக்குக்காகப் பின்சுவரில் ஒரு மின்விசிறி பொருத்தினோம். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று நெஞ்சைப் பரிசோதித்தும் வந்தோம்.

முடிவுரை

தொழில் செய்யும் வீடுகளிலிருந்து நம்மில் பலர் இக்கல்லூரிக்கு வருகிறோம். தறி, சாயம், பட்டாசு, தோல், மரம் என ஒவ்வொரு தொழிலிலும் நம் பாடநூலின் ஏதோ ஒரு பக்கம் ஒளிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேர்வுத்தாளில் எழுதுவதோடு நில்லாமல் வீட்டிலும் படித்துக்காட்டுவோமாக. அப்பா இப்போது முகக்கவசம் அணிந்தே வேலை செய்கிறார். வெயில் நேரத்தில் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவதும் உண்டு. அப்போதெல்லாம் நான் ஒன்றும் பேசாமல் இயந்திரத்தின் விசையை அணைத்துவிடுகிறேன்.