மின்னஞ்சல் நிரலும் இணைப்புப் பிழையும்

1924ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. ஆயினும், ஊவாத் தோட்டங்களின் லயங்களுக்குரிய கடிதங்கள் அதன்பின்னரும் தோட்டக் கந்தோர் வழியாகவே பெரும்பாலும் சென்றன. கடிதம் இடையில் எங்கே தங்கிற்று என்பதை அனுப்பியவரும் அறியார், பெறவேண்டியவரும் அறியார். இன்று மின்னஞ்சல் நேரே கைக்கு வருகின்றது. எனினும், நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் மடலை அனுப்பும் கணினி நிரல் பழுதுறின், லயத்து மாணவனின் வாய்ப்பு அவன் அறியாமலே கைநழுவும். ஆதலின், நிரல் எழுதும் நம் மாணவர் இணைப்புப் பிழையை ஆராயும் முறையை அறிதல் வேண்டும்.

பைதன் மொழியில் மடல் அனுப்ப உதவும் எஸ்.எம்.ரி.பி.லிப் என்னும் நிரல் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அது சேவையகத்தை அடைவதற்கு நான்கு படிகள் உள.

முதலாவது பெயர். சேவையகத்தின் பெயரை அறிய இயலவில்லை என்று பிழை வரின், எழுத்துப் பிழையையோ இணையத் தொடர்பையோ நோக்குக.

இரண்டாவது வாயில். 'மறுக்கப்பட்டது' எனின், சேவையகத்தை அடைந்தோம். வாயில் எண் பெரும்பாலும் தவறு. 'நேரம் கடந்தது' எனின், இடையில் தடையுண்டு. 25ஆம் வாயிலை இணையச் சேவையாளர் பலர் அடைத்துள்ளனர். 587 அல்லது 465 கொள்க. மலைப்பகுதியில் அலைவலு குன்றுமாதலின், காத்திருக்கும் காலத்தை 30 செக்கன் என்றவாறு நாமே வரையறுத்தல் நன்று.

மூன்றாவது மறைகாப்பு. 465இல் தொடக்கத்திலேயே மறைகாப்பு உண்டு. 587இல் இணைந்தபின் அதனைக் கோரல் வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிக் கையாளின் இணைப்பு முறியும். சான்றிதழ்ப் பிழை வரின், கணினியின் திகதி சரிதானா என்று முதலில் பார்க்க. சோதனையையே நீக்கிவிடுதல் தகாது. இடைநிற்போர் கடவுச்சொல்லைக் கவர அது வழிசெய்யும்.

நான்காவது அடையாளம். 535 என்னும் விடை வரின், இணைப்பிற் குறையில்லை, கடவுச்சொல்லே ஏற்கப்படவில்லை. ஜிமெயில் 2022 மே 30 முதல் இத்தகைய நிரல்களிடம் வழக்கமான கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தத் தொடங்கிற்று. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, நிரலுக்கென 16 எழுத்துக் கடவுச்சொல்லைத் தனியே பெறல் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுவோர், பிழை நீங்கினும் அதன் காரணத்தை அறியார். அனைத்திலும் பெருங்குற்றம், பிழையை விழுங்கிவிட்டு 'அனுப்பப்பட்டது' எனக் காட்டும் நிரலை எழுதுதலாம். பிழையைத் திகதியுடன் பதிந்து, பொறுப்பாளருக்கு அறிவிக்கும் நிரலே நம்பத்தக்கது. மடலை எதிர்நோக்கி நிற்பவனுக்கு நாம் செய்யும் கடமையும் அதுவே.