குடலிறக்கம்: தீவில் வாழ்வோர் அறிய வேண்டியவை



சர்க்கரை நோயைப் பற்றி எழுதுங்கள், இரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்பவர்கள் பலர். யாரும் வாய் திறந்து கேட்காத ஒரு நோயைப் பற்றி இம்முறை எழுத விரும்புகிறேன். அது குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. நான் மருத்துவர் அல்லன். நிக்கோபார் தீவுகளில் சுகாதாரப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். அந்த அனுபவத்தோடு, படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்ததை இங்கே பாடமாகத் தருகிறேன்.

கட்சால் தீவை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சில, 1970களில் கட்சாலின் ரப்பர் தோட்டத்துக்காக அங்கே குடியேற்றப்பட்டன. பால் வெட்டுவது, வாளி சுமப்பது, விறகு தூக்குவது, தேங்காய் மூட்டையை ஜெட்டிவரை கொண்டு வருவது என்று உடம்பை நம்பிய வாழ்க்கை அவர்களுடையது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவைக் கடுமையாகத் தாக்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 2,685 பேர். இத்தனை சிறிய ஊரில் அறுவை நிபுணர் ஒருவர் நிரந்தரமாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே குடலிறக்கம் உள்ளவர் தம் நோயோடு கப்பலையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்சாலுக்குச் சொல்வது மற்றச் சிறு தீவுகளுக்கும் பொருந்தும்.

குடலிறக்கம் என்பது என்ன?

சைக்கிள் டயரில் ஓரிடத்தில் கிழிசல் விழுந்தால் உள்ளே இருக்கும் ட்யூப் அந்த வழியே புடைத்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். நம் வயிற்றுச் சுவரும் ஒரு டயர் போன்றதுதான். அதன் தசையில் வலுக்குறைந்த இடம் இருந்தால், உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ அந்த வழியாகப் பிதுங்கும். நின்றால், இருமினால், சுமை தூக்கினால் வீக்கம் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும்.

மிக அதிகமாக வருவது தொடையும் வயிறும் சேரும் கவட்டைப் பகுதியில். ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்கி வருகின்றன. அவை வந்த பாதையே பிற்காலத்தில் பலவீனமான வழியாகிறது. வாழ்நாளில் ஏறக்குறைய நான்கு ஆண்களில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. பெண்களில் நூற்றுக்கு மூவருக்கு. எனவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தகாத பழக்கத்தால் வந்ததோ, ஆண்மைக் குறைவோ அல்ல. நாட்பட்ட இருமல், புகைபிடித்தல், மலச்சிக்கல், முதியவர்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கத்தால் முக்கிச் சிறுநீர் கழித்தல், கடும் சுமை ஆகியவை இதைத் தூண்டும் அல்லது பெரிதாக்கும்.

விதைப்பையில் நீர் கோத்துக்கொள்ளும் விரைவீக்கம் வேறு, இது வேறு. இரண்டையும் ‘ஓதம்’ என்ற ஒரே பெயரால் சொல்வதால் குழப்பம் வருகிறது. எது என்பதை மருத்துவர் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

மருந்தால் தீருமா?

தீராது. கிழிந்த டயர் மாத்திரையால் ஒட்டிக்கொள்ளாது. எண்ணெய் தடவுவதாலும், பத்தியத்தாலும், ஆசனத்தாலும் பெரியவர்களின் குடலிறக்கம் மூடிக்கொள்வதில்லை. இடுப்பில் கட்டும் பெல்ட் சில மணி நேரம் வீக்கத்தை அமுக்கி வைக்கும், குணப்படுத்தாது. உள்ளே தள்ளாமல் வீக்கத்தின் மேலேயே பெல்ட்டை இறுக்கினால் தீங்கும் நேரலாம். அறுவை சிகிச்சை ஒன்றே தீர்வு. இலங்கையிலிருந்து வந்த நம் பெரியவர்கள் இதையே சத்திர சிகிச்சை என்பார்கள்.

அறுவை வளர்ந்த கதை

இத்தாலியின் பாதுவா நகரில் எதுவார்தோ பாசினி என்ற அறுவை நிபுணர் 1880களில் கவட்டையின் தசை அடுக்குகளை முறையாகத் தைத்து மூடும் வழியைக் கண்டார். இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம் அதுவே. கனடாவின் டொராண்டோ நகரில் எட்வர்ட் எர்ல் ஷோல்டிஸ், தசைகளை அடுக்கடுக்காகத் தைக்கும் முறையைப் பயன்படுத்தி, 1945இல் குடலிறக்கத்துக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஆனால் இழுத்துத் தைத்த தையலில் எப்போதும் ஓர் இறுக்கம் இருக்கும். பழந்துணியின் இரு ஓரங்களை இழுத்துத் தைத்தால் தையலை ஒட்டியே மறுபடி கிழிவதில்லையா? அதுபோல வீக்கம் சிலருக்குத் திரும்ப வந்தது. 1980களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இர்விங் லிக்டன்ஸ்டைன் இதற்கு எளிய வழி ஒன்றைப் பரப்பினார். ஓரங்களை இழுக்காமல், பாலிபுரொப்பிலீன் வலைத்துண்டு ஒன்றை ஒட்டுப்போடுவது போல வைத்துத் தைப்பதே அது. வலையின் கண்களுக்குள் நம் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பலருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே இதை முடித்துவிடலாம். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையும் இப்போது பரவலாகியிருக்கிறது. அதற்குப் பொதுவாக முழு மயக்கமும், பயிற்சி பெற்ற கையும், கூடுதல் கருவிகளும் வேண்டும்.

நம் நாட்டுப் பங்களிப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். வலையின் விலை ஏழைகளுக்கு எட்டாததைக் கண்ட மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில், கொசுவலைத் துணியைச் சுத்திகரித்துப் பயன்படுத்தினார். அதன் முடிவுகளை 2003இல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களுக்கு மலிவு வலையையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் மலிவு வலை வைத்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்பியிருந்தது. மற்றப் பிரிவில் எவருக்கும் இல்லை. (வீட்டுக் கொசுவலையை வெட்டிக் கொண்டுபோகலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்! தேர்ந்தெடுத்த துணியை முறைப்படி கிருமி நீக்கிச் செய்வது அது.) தோண்டாயிச்சாவும் உகாண்டாவும் காட்டுவது ஒன்றே: நல்ல குடலிறக்க சிகிச்சைக்குப் பெருநகரமும் பெரும்பணமும் தேவையில்லை. பயிற்சி பெற்ற அறுவை நிபுணரும் சுத்தமான அறுவை அரங்கும் போதும்.

காத்திருக்கலாமா?

இந்தக் கேள்விதான் நம் பாடத்தின் மையம். அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. தொந்தரவு அதிகமில்லாத குடலிறக்கம் உள்ள அவர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவை செய்தார்கள். மற்றவர்களைக் கவனித்து மட்டும் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் திடீர் ஆபத்து வந்தது மிக அரிது. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இருவருக்கும் குறைவே. ஆகவே வீக்கம் தெரிந்த அன்றே நடுங்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஆய்வை நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. முதலாவது, காத்திருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பத்தாண்டுக்குள் நூற்றுக்கு 68 பேர் எப்படியும் அறுவைக்கு வந்துவிட்டார்கள். பெரும்பாலோருக்குக் காரணம் வலி. இரண்டாவது, அது தொந்தரவு குறைந்த ஆண்களைப் பற்றிய ஆய்வு. வலியோடு சுமை தூக்குகிறவரையும் பெண்களையும் பற்றி அது பேசவில்லை. மூன்றாவது, ஆபத்து வந்தால் உடனே மருத்துவமனையை எட்டக்கூடியவருக்கே காத்திருப்பது பொருந்தும். நமக்கு நடுவில் கடல் இருக்கிறது.

ஆபத்து என்பது எது? பிதுங்கிய குடல் வாசலில் இறுகி, உள்ளே திரும்ப முடியாமல், இரத்த ஓட்டம் நின்றுபோவது. சில மணி நேரத்தில் அந்தக் குடல் பகுதி அழுகத் தொடங்கும். அப்போது குடலையே வெட்டி இணைக்க நேரும். திட்டமிட்டுச் செய்யும் அறுவையில் மிகக் குறைவாக இருக்கும் உயிராபத்து, அந்த நிலையில் பல மடங்காகிறது. அறுவையிலும் தொல்லைகள் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அவ்விடத்தில் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம்; சிலருக்கு நோய் திரும்பலாம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால், மருத்துவமனை பக்கத்தில் உள்ளவர் பொறுத்திருக்கலாம். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியவர், உடல்நிலை இடம் கொடுத்தால், வலியில்லாத நாளிலேயே செய்துகொள்வது நல்லது என்பது என் துணிபு.

கைலிக்குள் பல ஆண்டு மறைத்து வைத்து, மனைவிக்கும் சொல்லாமல் சுமை தூக்கி வந்த தொழிலாளர்களைப் பார்த்திருக்கிறேன். வலி வந்த பிறகே சொல்வார்கள். ஒரு முறை அப்படி ஒருவர் முதல் நாள் மாலையே வலி வந்தும் மறுநாள் பகல்வரை பொறுத்திருந்து, பிறகு வந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் குடலில் ஒரு பகுதியை இழந்தார். நோயைவிட வெட்கம் அவருக்கு அதிகக் கெடுதி செய்தது.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

1. எப்போதும் உள்ளே போகும் வீக்கம் போக மறுப்பது.
2. வீக்கம் கல்லாக இறுகி, தொட்டால் கடுமையாக வலிப்பது.
3. வாந்தி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் பிரியாமை.
4. வீக்கத்தின் மேல் தோல் சிவந்தோ கறுத்தோ போவது, காய்ச்சல்.

இவற்றில் ஒன்று கண்டாலும் உணவும் நீரும் நிறுத்துங்கள். வீக்கத்தைப் பலவந்தமாக அழுத்தித் தள்ளாதீர்கள். பேதி மருந்து கொடுக்காதீர்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு விரையுங்கள். ஹெலிகாப்டர் வானிலையைப் பார்த்துத்தான் பறக்கும். “பொழுது விடியட்டும்” என்று காத்திருந்த நேரத்தைப் பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது.

பெண்களும் குழந்தைகளும்

பெண்களுக்குத் தொடையின் மேற்புறம் சிறு நெல்லிக்காய் அளவில் வரும் வீக்கத்தை நெறிக்கட்டி என்று விட்டுவிடக் கூடாது. தொடைக் குடலிறக்கமாக இருந்தால் அது எளிதில் இறுகிவிடும். சிசேரியன் முதலிய பழைய அறுவைத் தழும்பின் வழியாகவும், தொப்புள் வழியாகவும் குடலிறக்கம் வரும்.

கைக்குழந்தையின் தொப்புள் புடைப்பு பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிவிடும். அதன்மேல் நாணயம் வைத்துக் கட்டுவதால் பயனில்லை, தோல் புண்ணாகும். ஆனால் கவட்டையில் வரும் வீக்கம் தானாக மூடாது. சிசுக்களுக்கு அது விரைவில் இறுகக்கூடும். தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

பயணத்தைத் திட்டமிடுங்கள்

முதலில் உள்ளூர் சுகாதார நிலையத்தில் காட்டிக் கடிதம் பெறுங்கள். கார் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனையில் அறுவை நிபுணர் இருக்கிறாரா என்று கேட்டறியுங்கள். இல்லையேல் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களைத் தவிர்ப்பது நலம். பீடி, சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். இருமலையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை மருத்துவரிடம் சொல்ல மறக்கக் கூடாது. துணைக்கு ஒருவரையும், ஆதார், ஆயுஷ்மான் அட்டைகளையும் அழைத்து, எடுத்துச் செல்லுங்கள்.

அறுவை முடிந்த அன்றே பெரும்பாலோர் எழுந்து நடக்கலாம். ஆனால் உடனே கப்பல் ஏறிவிடாதீர்கள். கடல் மயக்கத்தில் வாந்தி எடுத்தால் தையல் இடம் அதிரும். புண்ணைக் காட்டிவிட்டு, மருத்துவர் சம்மதித்த பின், கீழ்ப் பங்க்கில் இடம் கேட்டு வாங்கித் திரும்புங்கள். இலேசான வேலையை ஓரிரு வாரத்தில் தொடங்கலாம். மூட்டை தூக்க நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை அந்த வீட்டின் விறகையும் தண்ணீரையும் அக்கம்பக்கத்தார் சுமந்து கொடுத்தால், பிழைப்பு கெடும் என்று அஞ்சி அறுவையைத் தள்ளிப்போடுகிறவர் துணிந்து புறப்படுவார். சங்கம் இருக்கும் ஊர்களில் இதைச் சங்கமே ஏற்றுச் செய்யலாம்.

இக்கட்டுரையைப் படித்தவர்கள் வீட்டில் உரக்க வாசித்துக் காட்டுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் இரண்டு நாள் கழித்துத் தனியே வந்து, “எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது” என்று சொல்லக்கூடும். அவரை அடுத்த கப்பலுக்குள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.