வேலிச்செடியும் வானூர்தியும்

நம் ஊர்ப் பக்கத்தில் வேலியோரம் நிற்கும் காட்டாமணக்கை அறியாதவர் இலர். ஆடும் கடிக்காத செடி அது. அதன் காம்பை ஒடித்து, வடியும் பாலில் குமிழி ஊதி விளையாடியவர்கள் நம்மில் பலர். அச்செடியின் விதையெண்ணெயிலிருந்து செய்த எரிபொருள், 2008 டிசம்பர் 30ஆம் நாள், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒரு போயிங் 747 விமானத்தின் நான்கு இயந்திரங்களுள் ஒன்றை ஓட்டியது. வழக்கமான விமான எண்ணெயுடன் அதனைச் சரிபாதியாகக் கலந்திருந்தார்கள். இச்சோதனையை நடத்தியது ஏர் நியூசிலாந்து கம்பெனி.

அதே கம்பெனி 2022இல் ஓர் உறுதிமொழி கூறிற்று. 2024 ஜூலையில் அதனைக் கைவிட்டது. இது எதனால் நேர்ந்தது என்று காண்போம். முதலில் சிறிது கணக்கு.

ஒன்று மூன்றாகும் விந்தை

விமான எண்ணெய் என்பது தூய்மை செய்த மண்ணெண்ணெயே. நூறு கிலோ எண்ணெயில் ஏறத்தாழ 86 கிலோ கரி அடங்கியுள்ளது. பன்னிரண்டு பங்கு கரி, காற்றிலுள்ள முப்பத்திரண்டு பங்கு பிராணவாயுவுடன் சேர்ந்து நாற்பத்துநான்கு பங்கு கரியமிலவாயுவாகிறது. ஆகவே நூறு கிலோ எண்ணெய் எரிந்தால் சுமார் 315 கிலோ கரியமிலவாயு வெளிப்படும். எஞ்சிய எடை காற்று தந்தது.

செடியின் எண்ணெயும் எரியும்போது இவ்வாயுவைத் தரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கரி, செடி சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து உறிஞ்சியது. மண்ணுக்கடியிலிருந்து எடுத்த எண்ணெயின் கரியோ பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்தது. முன்னது வாங்கியதைத் திருப்பித் தருவது. பின்னது புதிதாகச் சேர்ப்பது. வேறுபாடு இதுவே.

சொன்ன சொல்

2019ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, 2030க்குள் கரியமிலவாயுச் செறிவை 28.9 சதவிகிதம் குறைப்பதாக அக்கம்பெனி கூறியது. 'செறிவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு டன் சுமையை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல வெளிப்படும் அளவு அது. மொத்த அளவு அன்று. நூறு பங்கு சுமைக்கு நூறு பங்கு வாயு விடுபவன், செறிவை அவ்வளவு குறைத்துவிட்டு, சுமையை நூற்றுநாற்பது பங்காக உயர்த்தினால், மொத்த வாயு 99.5 பங்கு! அக்கம்பெனியே தன் மொத்த வாயு 16.3 சதவிகிதம் குறையும் என்றுதான் கணக்கிட்டிருந்தது.

சொல் தவறியது ஏன்?

எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் புதிய விமானங்கள் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. மாற்று எரிபொருள் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை என்று கம்பெனி காரணம் கூறியது. 2050க்குள் நிகர அளவைச் சுழியமாக்கும் குறிக்கோளை விடவில்லை என்றும் அறிவித்தது.

மின்கலம் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு கிலோ விமான எண்ணெயில் அடங்கிய ஆற்றலுக்கு, இன்றைய லித்தியம் மின்கலம் சுமார் ஐம்பது கிலோ வேண்டும். நெடுந்தூர விமானம் அதைச் சுமந்து எழும்பாது.

காட்டாமணக்கு என்னாயிற்று? நம் நாட்டிலும் 2018 ஆகஸ்டு 27இல், டேராடூனிலுள்ள பெட்ரோலிய ஆராய்ச்சிக் கழகம் அதிலிருந்து உண்டாக்கிய எரிபொருளைக் கலந்து, ஒரு விமானம் டேராடூனிலிருந்து தில்லிக்குப் பறந்தது. ஆயினும் தரிசில் நீரின்றி விளையும் என்று நம்பி நட்ட இடங்களில், செடி வளர்ந்தது, விதைதான் போதவில்லை. ஒரு முறை பறப்பது வேறு, நாள்தோறும் பறப்பது வேறு.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, எந்த விமானக் கம்பெனியின் உறுதிமொழியைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். குறைவது செறிவா, மொத்தமா? 2050க்கு முன் இடையில் எந்த ஆண்டுக்கு என்ன இலக்கு? தானே குறைக்கிறதா, பிறர் குறைத்ததை விலைக்கு வாங்கிக் கணக்கில் எழுதுகிறதா? பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கென 2016இல் வகுத்த திட்டம், இவ்வாறு வாங்குவதற்கு இடமளிக்கிறது. தன்னால் இயலாது என்று வெளிப்படையாகச் சொன்ன கம்பெனியை நகைப்பது எளிது. சொல்லாமல் இருந்துவிடுவதினும் அது மேல் என்பதே என் கருத்து.

கடைசியாக நம் கணக்கு. ஒரு பயணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் என்று கொண்டால், தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 52 லிட்டர். வெளிப்படும் கரியமிலவாயு 130 கிலோ. நம்மில் ஒருவர் எடையைப் போல் இருமடங்கு! சென்ற பொங்கலுக்கு நானும் விமானத்தில்தான் போனேன். நான்கு நாள் விடுப்பில், போகவும் வரவும் ரயிலில் மூன்று நாள் கழித்துவிட்டால், அம்மாவுடன் இருப்பது எப்போது? கோடை விடுமுறை நீளமானது. அப்போது ரயிலில் போவேன். இது உறுதிமொழி, செறிவில் அன்று, மொத்தத்தில்.