பாடத்திட்ட மாறுதலும் வகுப்பறையும்

பாடத்திட்டம் என்பது சட்டசபையினின்று நேரே வகுப்பறைக்கு வந்து சேர்வதன்று. நூலாசிரியர், அச்சகத்தார், கல்வியதிகாரிகள், தேர்வுத் துறையினர், ஆசிரியர் எனப் பலர் கையைக் கடந்தே அது மாணாக்கரை அடைகின்றது. அவ்வழியில் தடை நேரின் விளைவது யாது என்பதைத் தமிழ்நாட்டுச் சமச்சீர்க் கல்வியின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முன்னர்த் தமிழ்நாட்டில் மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பாடத்திட்டங்கள் வழங்கின. ஒரே தெருவில் வளர்ந்த சிறுவர் இருவர் வெவ்வேறு நூல் கற்று, வெவ்வேறு தேர்வெழுதினர். இவ்வேற்றுமையை நீக்கும் வழியை முத்துக்குமரன் குழுவினர் ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தனர். 2010-இல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே 1, 6 ஆகிய வகுப்புகளிற் பொதுப்பாடம் தொடங்கிற்று. பத்தாம் வகுப்பு வரையுள்ள ஏனைய எட்டு வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டில் ஒருசேரத் தொடங்குவதென்று குறித்தனர்.

இவ்விடத்தே பிழை புகுந்ததென்பது நம் கருத்து. ஆறாம் வகுப்பிற் புதுநூல் கற்றவன் ஏழாம் வகுப்பில் அதனைத் தொடர்தல் இயல்பே. ஒன்பதாம் வகுப்பைப் பழைய நூலில் முடித்தவனோ, பழகுதற்கு ஓராண்டேனும் பெறாமல், பொதுத்தேர்வையே புதுநூல் கொண்டு எழுத வேண்டியவனானான்.

அதற்குள் 2011 மே மாதத்தில் ஆட்சி மாறிற்று. புதிய அரசினர் நூல்களின் தரம் போதாதென்று கூறிச் சட்டத்தைத் திருத்தி, பொதுப்பாடத்தை நிறுத்தி வைத்தனர். ஜூன் மாதத்திற் பள்ளிகள் திறந்தன. எந்நூலைக் கற்பிப்பதென்று ஆசிரியர் அறியார். அச்சிட்ட நூல்கள் முடங்கிக் கிடக்க, வழக்கு உயர்நீதிமன்றத்திற்கும் உச்சநீதிமன்றத்திற்குமாக நடந்தது. ஆகஸ்டு 9-ஆம் நாள் உச்சநீதிமன்றம், பத்து நாட்களுக்குள் பொதுப்பாடத்தைச் செயற்படுத்துமாறு தீர்ப்பளித்தது. பின்னர் வந்த நூல்களிற் சில பகுதிகள் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் முதலிற் படிக்க விரும்பியது அக்காகிதத்தின் கீழிருந்ததையே என்றால் வியப்பதற்கில்லை!

தரக்குறை என்ற குற்றச்சாட்டை நாம் இகழ்ந்து தள்ளோம். குறையுடைய நூல் திருத்தத்தக்கதே. ஆயின் அதனைக் கற்பிக்கும் ஆசிரியரிடம் அச்சேறுமுன் காட்டியிருப்பின், பத்தாம் வகுப்பு மாணாக்கர் இரண்டு மாதங்களை இழந்திரார்.

பின்னர் 2018-19-ஆம் ஆண்டில் மீண்டும் பாடத்திட்டம் மாறியபோது, 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கே புதுநூல்கள் முதலில் வந்தன. பொதுத்தேர்வு வகுப்புகளான பத்தையும் பன்னிரண்டையும் ஓராண்டு பின்னிறுத்திய அவ்வொழுங்கு மிக நன்று.

அதற்கு முன்னரோ, பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைக் கைவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்பு நூலையே பயிற்றிய பள்ளிகள் பல இருந்தன. அதனைத் தடுக்கவே 2017-18-இல் பதினொன்றாம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைத்தனர். நூல் மாறாமலே பாடத்திட்டம் மாறிப்போன அவ்விந்தையை அறிந்தார் அந்நாளிற் சிலரே. கல்லூரியின் முதலாண்டு வகுப்பில், கரும்பலகை முன் நின்று, "இதை நீங்கள் முன்பே படித்திருப்பீர்கள்" என்று நாம் கூறியபோது, மாணாக்கர் ஒருவரையொருவர் நோக்கி வாளாவிருந்தனர்.