பிண்ணாக்குக் கணக்கு தெரிந்தால் மீன்தீவனத்தில் வேலை உண்டு

ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் தாமிரபரணித் தண்ணீர் பாயும் குளங்கள் உண்டு. நெல் அரைக்கிற இடத்தில் தவிடும், செக்காட்டுகிற இடத்தில் பிண்ணாக்கும் கிடைக்கும். கெண்டை மீன்களுக்குச் சிக்கனமான தீவனம் செய்ய முக்கியச் சரக்கு இவைதான். மீன் வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய பாதி, பல நேரம் அதற்கும் மேல், தீவனத்துக்கே போகிறது. அதைக் குறைக்கத் தெரிந்த ஆள் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும் வேண்டும், தீவன ஆலைக்கும் வேண்டும்.

எந்த மீனுக்கு என்று முதலில் கேளுங்கள். கட்லா, ரோகு, மிர்காலுக்கு 25 முதல் 30 சதவீதம் புரதம் போதும். கருவாட்டுத் தூள் இல்லாமலே ஒப்பேற்றலாம். திலேப்பியாவும் தாவரப் புரதத்தை ஏற்கும். விரால் அப்படியல்ல, அது இரை பிடித்துத் தின்னும் மீன். வெறும் பிண்ணாக்கில் விரால் வளர்க்க யாராவது யோசனை கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. கடலைப் பிண்ணாக்கில் சுமார் 44 சதவீதம் புரதம், தவிட்டில் சுமார் 12. சரிபாதி கலந்தால் 28. கெண்டைக் குளங்களில் வெகுகாலமாகப் போட்டுவரும் கலவை இதுவே. விலையையும் புரதத்தை வைத்தே பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 22 சதவீதப் புரதமுள்ள தேங்காய்ப் பிண்ணாக்கு கிலோ 33 ரூபாய், கடலைப் பிண்ணாக்கு 55 ரூபாய் என்று வையுங்கள். விலையைப் புரதத்தால் வகுத்தால் முன்னது 1.50, பின்னது 1.25. விலை கூடிய சரக்கே மலிவு! நேர்காணலில் இதைத் தாளில் போட்டுக் காட்டுங்கள், சான்றிதழை அப்புறம் நீட்டலாம்.

புரதத்தின் அளவு மட்டும் போதாது, தரமும் பார்க்க வேண்டும். கடலையில் லைசின், மெத்தியோனின் இரண்டும் குறைவு. சோயாவில் லைசினும் எள்ளில் மெத்தியோனினும் தாராளம். அதனால் கடலையைக் கொஞ்சம் குறைத்து இவற்றைச் சேர்ப்பது நல்லது. சோயாவைப் பச்சையாகப் போடக்கூடாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, வறுத்தால் அடங்கும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் காசிப்பால், சவுண்டல் இலையில் மைமோசின் என்று நஞ்சுகள் இருப்பதால் அளவு மீறக்கூடாது. தாவரச் சரக்கிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி மீனுக்குச் செரிக்காது, எனவே தாது உப்புக் கலவையும் வேண்டும். அசோலாவைப் பற்றிப் பேச்சு அதிகம். உலர்ந்ததில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் என்பது சரிதான், ஆனால் பத்துக் கிலோ பச்சை அசோலா காய்ந்தால் ஒரு கிலோகூடத் தேறாது.

ஐப்பசி, கார்த்திகையில்தான் உங்கள் கைப்பக்குவம் தெரியும். ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை ஏறி அஃப்ளாடாக்சின் உண்டாகும். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குங்கள். பூசணம் பிடித்த மூட்டையைக் காயவைத்து மறுபடி சேர்க்கச் சொல்லும் முதலாளியிடம், முடியாது என்று சொல்லும் துணிச்சல் வேண்டும். வெயிலில் காய்ந்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. எண்ணெய் எடுக்காத தவிடு சீக்கிரம் காறிவிடும், எண்ணெய் எடுத்த தவிடு தாங்கும்.

களப்பணிக்குப் போகிறவர் வலை வீசி எடை பார்க்கப் பழக வேண்டும். ஆயிரம் மீன், சராசரி 100 கிராம் என்றால் மொத்தம் 100 கிலோ; 3 சதவீதக் கணக்கில் ஒரு நாள் தீவனம் 3 கிலோ. ஆந்திரத்தில் செய்வதுபோல் ஓட்டை போட்ட பையில் தீவனத்தைக் கட்டித் தொங்கவிட்டால் வீணாவது குறையும்.

படிக்க விரும்பினால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. 1977-ல் தொடங்கியது, பி.எஃப்.எஸ்சி. நான்காண்டுப் படிப்பு. சொந்தமாகத் தீவன ஆலை வைக்க, 2020-ல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. இப்போதைய நிலையை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பியுங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்முன் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.